சிவப்புச் சீட்டு கட்டிய கிட்டார்

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அப்பா சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே எட்டு மணி நேரம் பார்ப்பது போதாதென்று வீட்டிலும் பார்ப்பார். குக்கர் மூடியைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து ஆடுகிறதா என்று பார்ப்பார். கதவுக்குக் கீல் வாங்கினால் வெர்னியர் அளவுகோலால் அளப்பார். அம்மா ஆசையாய் எடுத்த புடவையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பிய மனிதர். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கிட்டாரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை, போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உத்தனப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஹாஸ்டலில் கூட இருந்த ஒருத்தியிடம் கிட்டார் கற்றுக்கொண்டவள், நாலு வருடத்தில் கற்றுக்கொடுத்தவளையே தாண்டிவிட்டாள். பெங்களூரில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பழைய பாட்டுகளை வாசிக்கும் ஒரு குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. அவளிடம் இருந்ததோ இரவல் கிட்டார்.

அந்தக் குழுவில் வாசிக்க வேறு மாதிரிக் கிட்டார் வேண்டும். வயலின்போல முன்பலகை மேடாக வளைந்து, உள்ளே கூடாக, இரண்டு பக்கமும் நீளத் துளை போட்டு, கரண்டில் வாசிக்கிற வகை. ஆர்ச்டாப் என்பார்கள். ஐம்பது வருடப் பழசு ஒன்று ஓசூரிலேயே விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாங்கப்போவது அவளுடைய சம்பளத்தில். ஆனாலும் அப்பா பார்த்துச் சரி சொல்லாமல் வாங்க முடியாது. இது என்ன நியாயம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அத்தை ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. பழைய கிட்டாரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்து போனில் எழுதி வைத்திருந்தாள். கழுத்து முறுக்கியிருக்கிறதா, உள்ளே விரிசலை ஒட்டிய தடம் இருக்கிறதா, குமிழைத் திருகினால் கரகரக்கிறதா, இப்படி ஒரு பக்கம். போகும்போது பஸ்ஸில் அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"அதெல்லாம் எவனோ வீடியோக்காரன் சொல்றது. நான் பாத்துக்கறன், நீ சும்மா வா" என்று அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று காலையிலேயே அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். "அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க. இந்த நேரத்துல இவ கிட்டாரத் தூக்கிக்கினு பெங்களூருக்குப் போறான்னு தெரிஞ்சா என்னா நெனப்பாங்க? நானே போயி பாத்துட்டு சரியில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சிது." நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் என்ன செய்திருப்பேனோ! அப்பா சோதித்துச் சொல்லச் சொல்ல செக் ஷீட்டில் எழுதும் வேலை எனக்குத்தான் என்ற பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

விற்கிறவர் பெங்களூர் ஓட்டல்களில் வாசித்து ஓய்ந்த பெரியவர். கன்னடக்காரர். விரல் மூட்டுகள் வீங்கிப்போய் இனி வாசிக்க முடியாது என்றார். யார் வாசிப்பார்களோ அவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று அத்தையிடம் முன்பே சொல்லியிருந்தாராம். பெட்டியைத் திறந்தார். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருப்பு. அத்தை கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒயரைச் செருகிக்கொடுத்ததும் மெதுவாக ஒரு பாட்டை வாசித்தாள்.

அம்மாடி, அது என்ன சத்தம்! எனக்குக் கை மயிரெல்லாம் நின்றுவிட்டது. கூப்பாடு இல்லை, மினுக்கல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நம்மிடம் மட்டும் பேசுவதுபோல இருந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஆரம்பித்தது எங்கள் சோதனை. ஸ்டீல் ஸ்கேலை முன்பலகையின்மேல் குறுக்கே வைத்தார் அப்பா. இரண்டு பக்கமும் இடைவெளி தெரிந்தது.

"பலக வளைஞ்சிருக்குது. எழுதிக்க பாப்பா."

"அண்ணா, அத வளைவாத்தான் செதுக்குவாங்க" என்றாள் அத்தை.

"அளவு போட்ட ட்ராயிங் இருக்குதா? ட்ராயிங் இல்லாத பீஸுக்கு என்னா பேச்சு?"

துளை வழியாக டார்ச் அடித்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரிசல்கூட இல்லை. கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது. குமிழ்கள் சத்தமில்லாமல் திரும்பின. அத்தை தன் போனில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தாள். அப்பா என்னை எதையும் எழுதச் சொல்லவில்லை. நல்லதாக இருந்தது ஒன்றுகூட எங்கள் ஷீட்டில் ஏறவில்லை.

அடுத்து தந்திகளைத் தளர்த்தச் சொன்னார். பெரியவர் முகம் சுருங்கினாலும் தளர்த்தினார். தந்திகளுக்குக் கீழே அவற்றைத் தாங்குகிற ஒரு மரத்துண்டு இருந்தது. பிரிட்ஜ் என்றார்கள். ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்க அப்பா எனக்குப் பழக்கியிருந்தார். தள்ளினேன். நகர்ந்தது.

"அப்பா, இது ஆடுது! ஒட்டவே இல்ல!"

ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவளாட்டம் கத்தினேன். சனியன் பிடித்த விரல்!

"நோடி சார், பாருங்க, அத ஒட்டறதில்ல. தந்தி அழுத்தறதுலதான் நிக்கும். எல்லா ஆர்ச்டாப்பும் அப்படித்தான்" என்றார் பெரியவர்.

"ஆமாண்ணா, நான் எழுதி வச்சிருக்கறன் பாரு" என்று அத்தை போனை எடுத்தாள்.

"ஒட்டாத பார்ட்ட லைன்ல விட்டா என் வேல போயிடும் சார்" என்று சிரித்தபடி அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். தொழிற்சாலையில் தேறாத பாகத்துக்குக் கட்டும் சிவப்புச் சீட்டு. நூலோடு என்னிடம் கொடுத்து, "கட்டு பாப்பா" என்றார்.

கட்டினேன். கிட்டாரின் தலையில், தந்தி முறுக்கும் ஆணியில், இரண்டு முடிச்சு போட்டு.

பெரியவர் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு குரல் உடைந்து கத்தினார்.

"நாப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்குது இது! இதுக்குச் சீட்டு கட்றீங்களா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, எதுக்கு அவமானம் பண்றீங்க? யாருக்கு வேணா குடுப்பேன், உங்க வீட்டுக்கு மட்டும் குடுக்கமாட்டேன். கிளம்புங்க!"

"சார், எனக்கு வேணும் சார். இதுல ஒரு குறையும் இல்லன்னு எனக்குத் தெரியும் சார்" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பல்லால் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஹோகம்மா, போ" என்று மட்டும் சொன்னார்.

பெங்களூருக்குப் போகாதே என்று அப்பா நேராகச் சொல்லியிருந்தால் அத்தை சண்டை போட்டிருப்பாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை அவள். அவர் என்ன செய்தார்? ஸ்கேலைப் பேச வைத்தார், கண்ணாடியைப் பேச வைத்தார், போதாததற்குப் பெற்ற மகளைப் பேச வைத்தார். தன் பிழைப்பையே பொய்சாட்சிக்குக் கொண்டுபோனார். இதை மன்னிக்க இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை. பெங்களூர்க் குழு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள், அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், தை மாதம் கல்யாணம் முடிந்தது. புடவை எடுக்கும்போதும் அப்பாதான் இழை பார்த்தார்.

ஆனால் அப்பாவை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. திரும்பும்போது சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். முன் சீட்டில் அப்பா வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அத்தையும் நானும் பின் சீட்டில். எஞ்சினை அணைத்து பஸ் அமைதியான பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, நான் வாசிச்சேன் இல்ல, அது எப்படி இருந்துச்சு?"

நான் ஷீட்டை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன்.

"சத்தத்துக்கு இதுல கட்டமே இல்ல அத்தை" என்றேன்.

அப்பா திரும்பி, "என் பொண்ணுன்னா என் பொண்ணுதான்" என்று சிரித்து எனக்கு ஒரு கை கடலை கொடுத்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யானையைப் பார்க்கிறாள் என்று நினைத்து நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யானை இல்லை. என் கை மயிர் நின்றதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த பஸ்ஸில் அதைச் சொல்வதற்கு என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.