பதினோரு மணிக்கு விழுந்த நீலக்குறி

'அன்றாட வாழ்வில் ஊடகமும் தொழில்நுட்பமும்' என்ற தலைப்பில் சொந்த அனுபவத்தை எழுதி வாருங்கள் என்று போன மாதம் கல்லூரியில் சொன்னார்கள். இங்கிலீஷில், மூன்று பக்கம். நானும் எழுதினேன். போன் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தேன், குருவிச் சத்தம் கேட்டது, மனம் லேசானது என்று ஒரு பச்சைப் பொய்யை எழுதிக் கொடுத்தேன். நல்ல மார்க் வந்தது. உண்மையான அனுபவம் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. எங்கள் மேடத்துக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் அதை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. செகந்திராபாத்தில், திருமுல்கேரி பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் தெரியும். வாசலில் ஓர் அறை, அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். காலையில் போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் எடுக்கலாம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் இப்படித்தான் பகலில் கிடைக்க மாட்டார்கள். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு காலை பத்து மணிக்கு அங்கே தாத்தா இறந்துபோனார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார். போன் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கிறது. அம்மாவுக்கு அப்போது தனி போன் இல்லை. அலுவலக நம்பர் ஊரில் யாரிடமும் இல்லை. சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோதுதான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. கிடைத்த ரயிலைப் பிடித்து அவர் ஊர்த் தெருவில் நுழைந்தபோது, சித்தப்பா மொட்டைத் தலையோடு சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்காகக் கொஞ்ச நேரம் வைத்திருக்க முடியவில்லையா என்று அப்பா கேட்டார். பதினேழு தடவையில் ஒரு தடவை எடுக்க முடியவில்லையா என்று சித்தப்பா கேட்டார். அப்பா பெட்டியைப் பற்றிச் சொன்னார். போனைப் பூட்டி வைக்கிற ஆபீஸ் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்களாம். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு அப்பா போனைப் பெட்டியில் வைக்கவில்லை. வீட்டில் வைத்துவிட்டுப் போனார். மணி அடித்தால் எடுத்து அம்மாவிடம் கொடு, இனி எந்தச் செய்தியும் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னார். குரல் செய்தி பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் முன்னறையில் அம்மா டியூஷன் எடுத்தாள். உள்ளறையில் நானும் போனும். மாடி வீட்டுத் தோழியும் நானும் ஆடிப் பாடி வீடியோ எடுப்போம். இரண்டு வீடியோவுக்குள் இடமில்லை என்று போன் கையை விரித்துவிடும். தோழி அதில் கெட்டிக்காரி. "ஃபுல் ஹோகயா, நிகால் தே" என்பாள்; நிறைந்துவிட்டது, எடுத்துப் போடு என்று அர்த்தம். காலை வணக்கம் சொல்லும் பிள்ளையார்கள், ரோஜாப் பூக்கள், குரல் செய்திகள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பேன், பிறகு அழிப்பேன். திறக்காமல் அழிக்க மனசு வராது. நான் பொறுப்பான பிள்ளை அல்லவா? சாயங்காலம் அப்பா வந்து போனைப் பார்த்துவிட்டு, என் பெண் போனைக்கூடப் பெருக்கித் துடைத்து வைக்கிறாள் என்று சிரிப்பார். எனக்குத் தலைகால் புரியாது.

சித்தப்பாவின் முதல் செய்தி ஒரு திங்கட்கிழமை வந்தது. பதினோரு மணி இருக்கும்; டியூஷனில் முதல் கூட்டம் போய் இரண்டாம் கூட்டம் வருகிற நேரம். அழுத்திக் கேட்டேன். "அண்ணே, நான்தான் பேசுதேன். நேருக்கு நேரா பேசுனா நமக்குச் சண்டைதான் வருது. அதான் இப்படி. சாயந்தரம் வீட்டுக்கு வந்து கேளு." சித்தப்பா குரல் என்று சந்தோஷமாக இருந்தது. அவர் ஒருமுறை என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேர் காட்டியவர். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தோழி வந்துவிட்டாள். இடம் வேண்டியிருந்தது. அழித்தேன்.

மறுநாள் வந்தது கொஞ்சம் நீளம். "அப்பாவுக்குத் திதி வருது. இந்த வருசம் நீ வந்து குடு அண்ணே. அன்னைக்குக் கொள்ளிய என் கையில திணிச்சிட்டாங்க. வச்சதுலேருந்து எனக்கு ஒரு நாள் ஒழுங்கா உறக்கம் இல்ல. நீ வா. நான் தள்ளி நின்னுக்கிடுதேன்." திதி என்றால் வடை உண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதையும் கேட்டேன், அதையும் அழித்தேன்.

மூன்றாம் நாள் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு நாளும் பகல் பதினோரு மணிக்கே கேட்டிருக்கே. கேட்டா இங்க குறி நீலமா காட்டுது. ஆபீஸ்ல போன் கையிலதான் இருக்கு, என்ன? அப்போ அன்னைக்கும் கையிலதான் இருந்திருக்கு." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இவர் ஏன் பேசாமல் இடத்தை அடைக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. முழுவதும் கேட்டு முடித்து அழித்தேன். அப்போதும் பதினோரு மணிதான்.

அன்று சாயங்காலம் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை, போன் அவர் கையில் இருந்தபோதே இன்னொரு செய்தி வந்தது. இரண்டே வார்த்தை. "சரி அண்ணே."

அப்பா அதை மறுபடியும் போட்டுக் கேட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பியின் குரல். என்ன சரி என்று அவருக்கு விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சித்தப்பாட்ட இருந்து இதுக்கு முந்தி ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அழித்தது தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். மறுநாள் எடுக்க ஒரு பாட்டு பாக்கி இருந்தது. இல்லை என்பதை "லேதுப்பா" என்றேன். சங்கடமான பதில் என்றால் எனக்குத் தெலுங்கில்தான் வரும்.

கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், வேறு யாருக்கோ அனுப்பியது தவறி வந்திருக்கும், எனக்கு அவன் ஏன் பேசப்போகிறான் என்று போனை வைத்துவிட்டார். அந்த வருடத் திதியை அப்பா செகந்திராபாத்தில் ஒரு கோயிலில் கொடுத்தார். சித்தப்பா ஊரில் கொடுத்தார். வடை எனக்குக் கிடைத்தது.

பிறகு ஏழெட்டு வருடம் கல்யாண வீடுகளில் பார்த்தால் "வாங்க", "சாப்பிட்டாச்சா" என்பதோடு இரண்டு பேரும் நகர்ந்துவிடுவார்கள். கூடப் பிறந்த அண்ணனை நீ என்று கூப்பிட்ட சித்தப்பா அதை நீங்க என்று ஆக்கிவிட்டார். வயதானால் மரியாதை வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவிடம் இப்போது போன் இருக்கிறது. செய்தி வந்ததும் அவள் அலுவலகத்துக்குச் சொல்லி அப்பாவை வரவழைத்தாள். மதுரைக்குப் பறந்து, அங்கிருந்து காரில் போனோம். மூத்தவர் வரட்டும் என்று உடலை வைத்திருந்தார்கள். அதைச் சித்தி சொன்னதும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சித்தி தன் கணவரின் போனை என்னிடம் கொடுத்து, மாட்டுவதற்கு நல்ல படமாக ஒன்று பார்க்கச் சொன்னாள். திரை கீறிப்போன பழைய போன். படத்தைத் தேடப் போனவள், 'அண்ணன்' என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் திறந்தேன். நான் அழித்த மூன்றும் அங்கே இருந்தன. மூன்றுக்கும் பக்கத்தில் நீலக்குறி. மூன்றும் கேட்கப்பட்டது பகல் பதினோரு மணிக்கு. நாலாவதாக அந்தச் "சரி அண்ணே." அதற்குக் கீழே ஏழெட்டு வருடமாக ஒன்றும் இல்லை.

யாரும் பார்க்கவில்லை; மறுபடியும் அழித்திருக்கலாம். அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்தான் கேட்டேன், நான்தான் அழித்தேன், இல்லை என்றதும் நான்தான் என்று சொன்னேன். தமிழில் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்கையும் வரிசையாகக் கேட்டார். மூன்றாவதை மட்டும் திரும்பப் போட்டார். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், அந்தப் பக்கம் ஆள் இருப்பதைப் போலவே சொன்னார்: "பதினோரு மணிக்கு நான் உள்ளதான்டா இருந்தேன், தம்பி. சத்தியமா உள்ளதான் இருந்தேன்."

நம் பக்கத்தில் அழித்துவிட்டால் எல்லாப் பக்கத்திலும் அழிந்துவிடும் என்றுதான் பத்து வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.