மாலையிட்ட ராக்கெட்டும் என் கையிலிருந்த கொடியும்

அந்தத் தசரா வாரம் வரை புனேயில் என்னைப் பற்றி எவரும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பொறுப்பிலிருந்த களத்தில் ஒரு கூலியாளுக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை. இயற்பியல் முதுகலைப் பட்டதாரி என்பதால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரி என்னைப் பகுதிநேர விரிவுரையாளராக அழைத்தது. நான் விண்ணப்பிக்கவில்லை; அழைத்தார்கள்.

அங்கே மாணவர் சங்கம் ஒன்று தண்ணீர் ராக்கெட் செய்துகொண்டிருந்தது. குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தலைகீழாகத் தாங்கியில் பொருத்தி, சைக்கிள் பம்பால் காற்றடைப்பார்கள். கயிற்றை இழுத்தால் பிடி விலகும். தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பாயும். விளையாட்டுச் சாமான் என்று சிரிப்பவர்கள் அதன் எதிரே நின்று பார்க்கட்டும். சங்கத்துக்கு ஆலோசகராக இருக்கச் சொன்னபோது, தொழிற்சாலையில் எந்த ஒழுங்கை நடத்தினேனோ அதையே இங்கும் நடத்துவேன் என்று சொல்லித்தான் ஏற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு ராக்கெட்டையும் இடுப்பில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்போம். மூக்கு முன்னே வந்தால் அது நேராகப் பறக்கும். அந்தச் சோதனையில் தேறியதன்மேல் பிறகு ஒரு ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது. அட்டைச் சிறகு ஒன்று விரல் நகமளவு கோணியிருந்ததற்காக ஒரு ராக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மைதானத்தின் மறுகோடியில் நின்று நான் பச்சைக் கொடி காட்டாமல் எவரும் கயிற்றைத் தொடக் கூடாது. மாணவர்கள் முணுமுணுத்தார்கள்; ஆனால் கீழ்ப்படிந்தார்கள்.

கீழ்ப்படியாதவர் துறைத் தலைவர். தசராவுக்கு முதல் நாள், ஆயுத பூஜையன்று, ஓய்வு பெற்ற உயரதிகாரி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துவந்து, ஷாமியானாப் பந்தல் போட்டு, புகைப்படக்காரரையும் நிறுத்தியிருந்தார். பட்டறையில் லேத் முதல் திருப்புளி வரை செண்டுமல்லி மாலை தொங்கியது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலும் இயந்திரங்களுக்கு மாலை போடுவோம். ஆனால் மாலை போட்ட இயந்திரத்தை அன்று ஓட்டுவதில்லை. பூஜையின் பொருளே அதுதான். இவருக்கு மாலையும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்.

ராக்கெட்டின் மூக்கைச் சுற்றி, விக்கிரகத்தின் கழுத்தில் போடுவதுபோல, தடித்த மாலை ஒன்றைத் தம் கையாலேயே போட்டார்.

"அதைக் கழற்றுங்கள்" என்றேன்.

"அரே சார், இது உங்கள் பீரங்கியா? வெறும் பாட்டில். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்றார் இந்தியில். விருந்தினர் சிரித்தார்.

"முன்பக்கம் காற்றைத் தடுத்தால் அது திரும்பிவிடும். கழற்றாமல் நான் கொடி காட்ட மாட்டேன்."

"போட்டோ எடுத்ததும் கழற்றிவிடலாம், சார். நீங்கள் போய் நில்லுங்கள்."

சங்கத்தின் செயலாளர், புனேயின் வானவடிப் பகுதியிலிருந்து வரும் தமிழ்ப் பெண், ராணுவக் குடும்பம். எங்கள் தமிழர் கோயிலில் என்னை அங்கிள் என்பாள், கல்லூரியில் சார் என்பாள். "நீ பார்த்துக் கழற்றிவிடு" என்று அவளிடம் தமிழில் சொன்னேன். தலையாட்டினாள். நான் மறுகோடிக்கு நடந்தேன்.

அங்கே போய்த் திரும்புகிறேன், விடுதிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஸ்கூட்டரில் மைதானத்துக்குள் நுழைகிறார்கள். உடனே சிவப்புக் கொடியை உயர்த்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது; அதற்காகத்தானே கொடி. புகைப்படக்காரர் ஏதோ கை காட்டினார். விருந்தினர் குனிந்து கயிற்றை இழுத்தார்.

மாலையோடு கிளம்பிய ராக்கெட், ஒரு தென்னை உயரம்கூடப் போகாமல் தலை திரும்பி, வந்த வழியே ஷாமியானாவுக்குள் பாய்ந்தது. விருந்தினரின் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. தையல் போட்டார்கள். அரை அங்குலம் தவறியிருந்தால் கண் போயிருக்கும். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாலை அங்கே இல்லை. புல்லில் இதழ்கள் மட்டும் சிதறியிருந்தன.

மறுவாரம் கல்லூரி முதல்வர் விசாரித்தார். ஆலோசகர் பச்சைக் கொடி காட்டியதாகத் துறைத் தலைவர் கூசாமல் சொன்னார். மாலை கழற்றப்பட்டிருந்ததாகவும் சொன்னார். முதல்வர் செயலாளர் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தான் தண்ணீர் வாளியை எடுக்கப் போயிருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

வெளியே தாழ்வாரத்தில் என் பின்னால் வந்தாள். "அங்கிள், நான் என்ன பண்றது? இன்டர்னல் மார்க் அவர்தான் போடறார். மாலையைக் கழட்டத்தான் போனேன். 'ரஹனே தோ', இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

"இதை உள்ளே சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்கு இது பார்ட் டைம்தானே, அங்கிள்" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்குச் சம்பளம்தான் பகுதிநேரம், பெயர் முழுநேரம்.

அடுத்த மாதமே சங்கத்தை மூடினார்கள். என்னை மீண்டும் அழைக்கவில்லை. கோயில் வாசலில் பழைய சக ஊழியர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னய்யா, பீரங்கியெல்லாம் உம்ம பேச்சைக் கேட்டுது, சோடா பாட்டில் கேக்கலையாமே" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று வந்துவிட்டேன்.

இத்தனை ஆண்டுகள் பேசாமல்தான் இருந்தேன். இப்போது அந்தக் கல்லூரி வெளியிட்டிருக்கும் விழா மலரில், பழைய மாணவர் ஒருவர் தண்ணீர் ராக்கெட் நாட்களை நினைவுகூர்ந்து வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதில், "அவசரப்பட்டுக் கொடியசைத்த மதராஸி சார்" என்று ஒரு வரி. துறைத் தலைவர் அதே மலரில் முழுப்பக்கப் படத்தில் சிரிக்கிறார்.

நான் பச்சைக் கொடி காட்டவில்லை. அது சுருட்டியபடி என் இடது கக்கத்தில் இருந்தது. கயிறு இழுக்கப்பட்டபோது நான் உயர்த்திப் பிடித்திருந்தது சிவப்புக் கொடி. ராக்கெட்டின் மூக்கில் மாலை இருந்தது.