அம்மாவின் படத்தில் வேறு யாருடைய கைகளோ

உடையார்பாளையத்தில் அண்ணன் வீட்டுச் சுவரில் அம்மாவின் படம் இருக்கிறது. முகம் அம்மாவுடையது. கழுத்துக்குக் கீழே இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. அரக்கு நிறப் பட்டுப்புடவை, மடியில் கோத்து வைத்த சிவந்த கைகள், விரலில் மோதிரம். ஸ்டுடியோவில் அப்படி ஓர் உடம்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் பாதிப் பேர் அதே புடவையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா மோதிரம் போட்டதே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டைத் தோலில் கசியும் எண்ணெய் மோதிரத்துக்கு அடியில் இறங்கினால் விரல் புண்ணாகிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். அப்படியும் விரல்கள் கறுத்து, உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். என் மகள் பிறந்தபோது அவள் கன்னத்தை அம்மா புறங்கையால்தான் தடவினார். "உள்ளங்கை முள்ளா இருக்குடி, புள்ளைக்குக் கீறிப்புடும்" என்றார். மகள் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அந்தப் புறங்கைதான்.

அம்மா இறந்த அன்று அண்ணன் ஒரு போட்டோ கேட்டார். என் மகளின் போனில் ஒன்று இருந்தது. கொட்டைக் குவியலுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் உடைக்கும் கட்டை, இன்னொரு கை எங்களைத் தடுப்பதுபோல் நீட்டியிருக்கும். நான்தான் அனுப்பச் சொன்னேன். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பேனரைப் பார்த்தபோது முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வீடு முழுக்க ஆட்கள். நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் வராது. பதினாறாம் நாள் அந்தப் படத்தையே கண்ணாடி போட்டு மாட்டி, மாலை சாத்திப் படையல் வைத்தார்கள். "அம்மாயி கை இது இல்லையே, மாமா" என்று மகள் கேட்டாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். என் பக்கம் பேசிய ஒரே ஆளை நானே அடக்கிவிட்டேன்.

வருஷத் தெவசத்துக்கு முன்னால், பெரம்பலூரில் ஒரு போட்டோக் கடைக்குப் போய் அந்தப் பழைய போட்டோவைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொடுத்தேன்.

"கையெல்லாம் கறுப்பா இருக்கும்மா. வெளுப்பாக்கிடலாம்."

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்."

வெளியாள் ஒருவரிடம் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில், படத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு அண்ணன் பேப்பரைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, வேலை செய்யுற எடத்துல எடுத்தது."

"அம்மா மாதிரியே இருக்குண்ணே."

"அப்ப செவுத்துல இருக்கறது பக்கத்து வூட்டு அம்மாவா?" என்று அண்ணி சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஒன் கல்யாணத்துல அம்மா சாம்பார் வாளியத் தூக்கிட்டுப் போவும்போது அது கையப் பாத்துட்டு ரெண்டு பேரு எலைய மூடுனாங்களே, மறந்துட்டியா? அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முந்தானைக்குள்ளதான் கை. இப்பவாச்சும் பட்டு கட்டி உக்காரட்டும்."

மறக்கவில்லை. அந்த இரண்டு பேர் யாரென்றுகூட நினைவிருக்கிறது.

"இத எடுக்கறப்ப அம்மா என்ன சொன்னுச்சுன்னு நீதான சொன்ன?"

சொன்னேன். 'கைய எடுக்காதடி, மூஞ்சிய மட்டும் எடு.' சாவு வீட்டில் அதைச் சொல்லித்தான் எல்லோரும் அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தோம்.

"அது சொன்னதைத்தான் செஞ்சிருக்கேன்" என்றார் அண்ணன்.

நான் படத்தை மறுபடியும் பேப்பரில் சுற்றினேன். அண்ணி அதைப் பையில் வைத்து, அதன்மேல் படையல் வடைப் பொட்டலத்தை வைத்துக் கொடுத்தார்.

அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோதுதான் பதில் தோன்றியது. எனக்கு எல்லாப் பதிலும் பஸ்ஸில்தான் தோன்றும். அம்மா கையை மறைத்தது இலையை மூடியவர்களிடம். நம்மிடம் எப்போது மறைத்தார்? அந்தக் கையால்தானே நமக்குப் பிசைந்து போட்டார்? உள்ளே கூடத்தில் மாட்டும் படம் ஊருக்கா, நமக்கா?

சூட்டோடு அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்.

"என்னம்மா, போயி சேந்துட்டியா?"

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. அரியலூர் தாண்டிட்டேன். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்" என்றேன்.

மடியில் இருந்த பை வடை எண்ணெயில் நனைந்திருந்தது. பொட்டலத்தை எடுத்துவிட்டு, பேப்பர் வழியே எண்ணெய் படத்துக்குள் இறங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்தேன்.