மேசை மேல் போட்ட பழி

அவள் வயிற்றுவலி மேசையால்தான் வருகிறது என்று இரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையே நம்பியது. தைத்து வரும் சட்டைகளுக்குக் கடைசி இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. காலரை இழுத்துப் பிடித்துப் பெட்டியை அழுத்தும்போது மேசை விளிம்பு வலது அடிவயிற்றில் வந்து குத்தும். பதினேழு வருடமாக இதே குத்து. வலிக்காமல் என்ன செய்யும்? பட்டன் தைக்கிறவள் வெட்டுத்துணியை அடைத்துத் திண்டு ஒன்று தைத்து விளிம்பில் கட்டிவிட்டாள். மேற்பார்வையாளர் பெரிய மனசு பண்ணி மேசையை இரண்டு விரற்கடை இறக்கிக் கொடுத்தார். அதில் முதுகுவலியும் சேர்ந்துகொண்டதே தவிர, வயிற்றுவலி இடத்தைக் காலி செய்யவில்லை.

இரண்டு முறை காய்ச்சலோடு வந்தது. இரண்டு முறையும் தெருமுனை டாக்டரின் மாத்திரையில் அடங்கியது. "ஒரு ஸ்கேன் எடுத்துடும்மா" என்றார் அவர். முதல் தடவை மகளுக்குப் பிரசவம். அடுத்த தடவை சரக்கு கப்பலேறுகிற வாரம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாள் போனது.

மூன்றாம் முறை பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். பட்டன்காரிதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "குடல்வால் மாதிரி இருக்கு" என்றார்.

"அதைப் பதினெட்டு வயசுலயே எடுத்தாச்சே தம்பி. மறுபடி முளைக்குமா?" என்று பழைய தழும்பைக் காட்டினாள்.

ஸ்கேனைப் பார்த்த அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள் பிதுங்கியிருக்கின்றன, நைந்த சைக்கிள் டியூப் அங்கங்கே புடைக்கிற மாதிரி. அதில் ஒன்று வீங்கி, ஓட்டை விழுந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருக்கிறது.

"வலது பக்கக் குடலை வெட்டி எடுத்துட்டு, சிறுகுடலை மிச்சத்தோட சேர்த்துத் தைக்கணும். தையல் பிடிச்சா நல்லது. கசிஞ்சா மறுபடி திறந்து, வயித்துல பை வைக்க வேண்டியிருக்கும். மலம் அதுல வரும்."

அவள் வலது அடிவயிற்றில் கையை வைத்தாள். "மேசை இடிக்கிற இடமாச்சே டாக்டரம்மா. அங்க பையைக் கட்டிக்கிட்டு நான் எப்படி நிக்கிறது? எனக்கு வேற வேலை தெரியாது."

"இந்த வலிக்கும் மேசைக்கும் சம்பந்தமே இல்லம்மா."

இத்தனை நாள் திட்டையெல்லாம் ஒரு மரப்பலகை சும்மா வாங்கியிருக்கிறது. அதை நினைத்துச் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வயிற்றைத்தான் தடவினாள். கட்டு மட்டும் இருந்தது. ஆனால், தையல் பிடித்ததா என்று உடனே சொல்ல முடியாதாம். காற்றுப் பிரிந்து, காய்ச்சலும் இறங்கினால்தான் நிச்சயம் என்றார்கள்.

அதன் பிறகு காற்றுக்குக் காவல். கணவர் பள்ளிக்கூடத்துக் காவலாளி. வேலை முடிந்து நேரே வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"போச்சா?"

"வீட்டுல ஒரு நாளாவது இப்படி அக்கறையா விசாரிச்சிருக்கீங்களா?"

"அங்க விசாரிக்காமலே தெரியுமே!"

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, பிச்சுக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் வயிறு உப்பியது. நான்காம் நாள் காய்ச்சல் ஏறியது. "நடங்க, நடந்தாத்தான் குடல் முழிக்கும்" என்றாள் நர்ஸ். சலைன் தொங்கும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். கணவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நாளையும் இப்படியே இருந்தால் மறுபடி ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி திறப்பு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் மதியம், லீவு போட்டுக் கூடவே இருந்த கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போயிடுச்சு."

"நிஜமாவா?"

"இதுல பொய் வேற சொல்லுவாங்களா?"

அவர் நர்ஸைத் தேடிப் போன வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நர்ஸ் வந்து சீட்டில் நேரத்தைக் குறித்தாள். சாயங்காலத்துக்குள் காய்ச்சலும் இறங்கியது. டாக்டரம்மா வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்து, "தையல் பிடிச்சிடுச்சு. பை வேண்டாம்" என்றார். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கவும் அனுமதித்தார்.

சந்தோஷம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது அசதிதான், அள்ளி அள்ளி.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் கொஞ்சம் படுக்கறேன்."

"அஞ்சு நாளாப் படுத்துத்தானே இருக்கே?"

"எங்க படுத்தேன்? கண்ணை மூடினா கசிஞ்சிடுமோன்னு பார்த்துக்கிட்டுல்ல இருந்தேன்."

அவர் செருப்பை மாட்டுவதற்குள் அவள் தூங்கிப் போயிருந்தாள்.