பெயர் கொடுக்க யாரும் வராத சனிக்கிழமைகள்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்தில் நான் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவியாக இருந்தேன். வேறு எவரும் முன்வராததால் வந்த பதவி அது. மண்டபச் சாவியை வைத்திருப்பதும் கொம்யூன் எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதும்தான் வேலை.

தொழிற்சாலையில் என்னோடு பொதி கட்டும் டெனிஷ்காரி, "உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, நிம்மதிதானே?" என்று கேட்டாள். தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். என் தம்பி குடும்பத்தோடு சண்டை நடந்த வன்னியில் இருந்தான். இரண்டு மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அந்த ஞாயிறு கூட்டம் போட்டோம். மண்டபம் நிறைந்திருந்தது. பேசிய எல்லோரும், போர் தோல்வியில் முடிந்தது என்ற செய்தி பொய் என்றார்கள். கடைசியில் நான் எழுந்தேன்.

"முடிஞ்சுது எண்டுதான் நான் நினைக்கிறன். இனி எங்கட சனத்தைத் தேடவேணும். காணாமல் போன ஆக்களைத் தேடித் தாற இடத்தில படிவம் வாங்கி வந்திருக்கிறன். பேரைத் தாங்கோ, நான் டெனிஷில நிரப்பித் தாறன்."

நாள்தோறும் என்னைத் தன் காரில் வேலைக்கு ஏற்றிப்போகிறவர் எழுந்தார்.

"பேரை எழுதினால் தோத்துப்போனம் எண்டு நாங்களே கையெழுத்து வைக்கிற மாதிரி அக்கா. அதை நீங்கள் செய்யாதேங்கோ."

"தோத்தமோ இல்லையோ, ஆக்களைக் காணேல்லை. அது எனக்குத் தெரியும்."

கதிரைகள் உரசும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். என் கணவரும் அவர்களோடு போய் வெளியே நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில், "இதை நீர்தான் சொல்லவேணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"வேற ஆர் சொன்னவை?" என்றேன்.

திங்கட்கிழமை கார் வரவில்லை. சைக்கிளில் வேலைக்குப் போனேன்.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசை கேட்டு வாங்கிப் படிவங்களோடு உட்கார்ந்தேன். தமிழ்க் குடும்பங்கள் வரும், என்னைக் கண்டதும் வேறு அலுமாரிப் பக்கம் திரும்பிவிடும். இரண்டாம் சனிக்கிழமை நூலகப் பெண் கோப்பி கொண்டுவந்து வைத்து, யாருக்காவது காத்திருக்கிறாயா என்று கேட்டாள். ஆம் என்றேன். அதற்கு மேல் எப்படி விளக்குவதென்று தெரியவில்லை.

என் தம்பியின் பெயரையும் நான் அதுவரை எழுதவில்லை. தலைவி தன் வீட்டு அலுவலை முதலில் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். படிவத்தில் 'கடைசியாகக் கண்ட இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்றாம் சனிக்கிழமை அதை நிரப்பினேன். அன்றும் யாரும் வரவில்லை.

நான்காம் சனிக்கிழமை அந்தக் கார்க்காரர் வந்தார். மழைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"என்ர தங்கச்சி. ரெண்டு பிள்ளையள்."

"பிள்ளையளுக்கு என்ன வயசு?"

அவருக்குத் தெரியவில்லை. கைகளை மேசையில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதைப் பிறகு சேர்க்கலாம் என்றேன். எழும்பும்போது, "மற்றவைக்குச் சொல்லாதேங்கோ அக்கா," என்றார்.

"சொல்லமாட்டன்."

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தூரத்து நகரமான பிரெடெரிசியாவிலிருந்துகூட வந்தார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றே எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். எந்த வீட்டில் யாரைக் காணவில்லை என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனாலோ என்னவோ, கோயிலில் என் பக்கத்தில் உட்கார யாரும் விரும்பவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் வேறொருவரைத் தலைவராக்கினார்கள். எனக்கு எதிராகக் கை உயர்த்தியவர்களில் பலருடைய படிவத்தை நான்தான் நிரப்பியிருந்தேன்.

கார்க்காரரின் தங்கை பிள்ளைகளோடு ஓர் அகதி முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. அவர் சொல்லவில்லை, அவருடைய மனைவி கடையில் கண்டபோது சொன்னாள். அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

தம்பியைப் பற்றிய கடிதம் மாரிக்காலத்தில் வந்தது. தேடியும் தகவல் கிடைக்கவில்லை என்று மூன்று வரி. கணவர் வாங்கி வாசித்துவிட்டு, ஒரு டெனிஷ் சொல்லைக் காட்டி, "இதுக்கு என்ன கருத்து?" என்றார். அந்தச் சொல் அவருக்குத் தெரியும், வேறு எப்படி என்னோடு பேசத் தொடங்குவதென்றுதான் தெரியவில்லை. "காணாமல் போனவர்," என்று நான் மெதுவாகக் கருத்தைச் சொன்னேன்.