மரியதாஸ் அண்ணைக்குப் பதாகை இல்லை

ஒஸ்லோவில் எங்கள் மாடிக்குடியிருப்பில் யாராவது செத்தால் முற்றத்துக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவார்கள். செத்தவரை நான் படிக்கட்டில்கூடக் கண்டிருக்க மாட்டேன். போன வாரமும் இறங்கியது. கொடி இறக்கிய பராமரிப்பாளர் ஊலாவிடம், ஊரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக் கோல்கீப்பரும் போய்விட்டார், வீட்டார் ஒரு நினைவும் வைக்க விடவில்லை என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "நல்லதுதானே, அமைதியாக இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

யாழ்ப்பாணத்தில், எங்கள் குருநகரில் கழகக்காரன் செத்தால் வீட்டாரை யாரும் கேட்பதில்லை. சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை, பெட்டியின்மேல் கழகக் கொடி, சவக்காலைக்குப் போகும் வழியில் மைதானத்தில் ஒருதரம் இறக்கிவைப்பது, பிறகு ஞாபகார்த்தப் போட்டி. மரியதாஸ் அண்ணைக்கு இதில் ஒன்றுமில்லை. கடலால் வந்து மீன் மணக்கிற கையோடு கோலுக்குள் நின்ற மனிதர். பெனால்டி அடிக்க வருகிறவனிடம், "எந்தப் பக்கமெண்டு சொல்லிப்போட்டு அடியடா" என்பார். அவன் குழம்பி வெளியே அடிப்பான். அப்படிப்பட்டவரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அவருடைய மனைவி றோசா அக்கா ஒன்றும் வேண்டாம் என்றாராம். இங்கிருக்கிற பழைய கழகக்காரரின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. அதிகம் கொதித்தவன் நான். புருசன் அவருக்கு மட்டுமா சொந்தம் என்று கேட்கத்தான் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, கொடியைக்கூடப் போட விடேல்லையாம். எங்களுக்கு அவரிலை உரித்தில்லையோ?"

"கொடியோடை வந்தவங்கள் பதாகையும் அடிச்சுக்கொண்டெல்லோ வந்தவங்கள், தம்பி. என்ன எழுதியிருந்தது தெரியுமோ? 'காலஞ்சென்ற றெஜியின் அன்புத் தந்தை' எண்டு. என்ரை பிள்ளை செத்ததை ஆர் கண்டது?"

றெஜி அவர்களின் மூத்த மகன். சண்டைக் காலத்தில் வாசலில் வைத்து ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா, காணாமல் போன பிள்ளைகளின் மற்றத் தாய்மாரோடு பதில் கேட்டுத் தெருவோரத்தில் இருக்கிறார். வீட்டில் இல்லாதவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. யாரும் யோசிப்பதில்லை, கை தானாக எழுதும்.

"கிழிச்செறிஞ்சன். எதை அடிச்சாலும் அவன்ரை பேர் வரும். முன்னாலை என்ன போடுவியள், நீங்களே சொல்லுங்கோ."

ஊர்க் கழகக்காரர் இதை எங்களிடம் மூச்சுவிடவில்லை. குழுவில் எழுதினேன். உடனே ஒருவர் போட்டார்: "அப்ப றெஜியின்ரை பேரை விட்டிட்டு அடிப்பம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'இத்தனை வருசமாய் அரசாங்கம் செய்யிறதும் அதுதானே, பேரை விடுறது' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நான் பொறுப்பாக இருக்கும் எங்கள் பெடியளின் அணிக்கு ஆட்டம். எவனோ நடுவரிடம் ஒரு நிமிட மௌனம் கேட்டிருக்கிறான். அந்த நோர்வேஜியர் என்னிடம் வந்து, அறிவிக்க வேண்டும், இறந்தவரின் பெயர் என்ன என்று மரியாதையாகக் கேட்டார். மரியதாஸ் என்று தொண்டைவரை வந்தது. சொன்னால் அக்காவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அண்ணைக்கு.

"ஒருவரும் சாகவில்லை. விசிலை ஊதுங்கள்" என்றேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்துவிட்டு ஊதினார். பந்து உருண்டது, பெடியள் ஓடினார்கள். நான் கோட்டுக்கு வெளியே எழுந்து நின்றேன், ஆட்டம் முடியும்வரை வாய் திறக்காமல்.