பால்வாடியில் பழகிய மூச்சு

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னபோது என் இரட்டைப் பெண்களுக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். தடுப்பூசி போட இருவரையும் இரண்டு இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்தவர், பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு என் கையில் பட்டையைச் சுற்றினார்.

"இந்த வயசுல இவ்வளவு பிரஷரா? வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினையெல்லாம் இல்லைங்க. ரெண்டு புள்ளைங்க, அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

ஒருத்தி தூங்கினால் மற்றவள் விழிப்பாள். ஒருத்திக்குக் காய்ச்சல் இறங்கினால் அடுத்தவளுக்கு ஏறும். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பது நினைவில் நிற்காது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். இதற்கு நடுவில்தான் எங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று யாரோ வந்து மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். என் கணவர் போராட்டக் குழுவில் சேர்ந்தார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அந்த நிலம் எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. என் மாமனார் ஒரு பண்ணையில் கூலிக்கு நின்றவர். கொடி பிடித்து, அடி வாங்கி, கோர்ட்டுக்கு நடந்து அவர் காலத்தில் கைக்கு வந்த நிலம். கல்யாணம் முடிந்ததும் அதில் பாதியை என் பெயருக்கு எழுதிவைத்தார்.

புதன்கிழமை தோறும் சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களை நர்ஸம்மா பிடித்து உட்காரவைத்தார். தியானம் என்றதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணை மூடினால் ஒருத்தி மடியில் ஏறுவாள், இன்னொருத்தி முடியைப் பிடித்து இழுப்பாள்.

"இவங்க சத்தம் ஓயட்டும், அப்புறம் உக்காரலாங்க" என்றேன்.

"ஓயட்டும்னு காத்திருந்தா இதுங்க காலேஜுக்கே போயிடும். சத்தத்தோடயே உக்காருங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் பாருங்க. மனசு வேற எங்கயாவது ஓடுச்சுன்னா, திட்டாம கூட்டிட்டு வாங்க."

அந்தத் 'திட்டாம' என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் அடுப்பு ஊதும்போது, துணி அலசும்போது, ஒருத்தி தரையில் புரண்டு அழும்போது, மூச்சைப் பார்க்கப் பழகினேன். அழுகை நிற்காது. என் படபடப்பு மட்டும் மெல்ல அடங்கியது.

சம்பாக் கதிர் பால் பிடித்திருந்த சமயம். ஊர் ஆண்கள் எல்லாம் அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை என்று திருவாரூர் போயிருந்தார்கள். அன்று முற்பகலில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, பொக்லைன் வந்து நிக்குது. நம்ம வயலுக்குத்தான்."

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. தூக்கிக்கொண்டே ஓடினேன். என்னைப் போலவே பால்வாடிப் பெண்கள் சிலர் இடுப்பில் குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். ரோட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் வழியில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஜீப்பில் ஓர் அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும். சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மண்ணாங்கட்டியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம். உக்காந்துடலாம்."

வழியை மறித்து உட்கார்ந்தோம். கண்ணை மூடவில்லை. மூடினால் பிள்ளை வாய்க்காலில் இறங்கிவிடும். மூச்சை மட்டும் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஓய்ந்ததைப் பார்த்தோ என்னவோ, பிள்ளைகளும் விசும்பலோடு அடங்கினார்கள்.

அதிகாரி இறங்கி வந்தார்.

"எந்திரிங்கம்மா. வீட்டு ஆம்பளைங்க எங்க?"

"திருவாரூர் போயிருக்காங்க சார். பட்டா என் பேருல இருக்கு. என்கிட்ட பேசுங்க."

"இழப்பீடு தருவாங்கம்மா."

"அத பத்தி குழுவோட பேசிக்கிட்டுதான இருக்கீங்க. பேச்சு முடியல, நான் கையெழுத்துப் போடல. பால் பிடிச்ச கதிரு சார் இது. இதுல எப்படி வண்டிய இறக்குவீங்க?"

என் குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை. அவர் கதிர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது என் சின்னவள் தத்தித் தத்திப் போய் அவர் கையிலிருந்த பாட்டிலைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து, மூடியைத் திறந்து, அவளுக்குப் புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அப்புறம் தள்ளிப் போய் யாருடனோ போனில் வெகுநேரம் பேசினார்.

இயந்திரம் பின்னால் நகர்ந்து ரோட்டில் ஏறியது. மனம் இரங்கித் திரும்பினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையெழுத்து இல்லாததால் திரும்பினார்கள். ஆனால் கையெழுத்து எங்கே என்று கேட்க அங்கே ஆள் இருந்தது, அதுவும் நிதானமாகக் கேட்க. அந்தக் கதிரை அறுத்தோம். அதன் பிறகு குழுவும் வக்கீலும் மாதக்கணக்கில் அலைந்து, குழாய் ரோட்டோரப் புறம்போக்கு வழியாகப் போனது. ஊரில் அந்தக் கதையைச் சொல்லும்போது இன்றும் எங்கள் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் செய்தி கேட்டு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றார்.

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. அதோடயே உக்காந்திருந்தேன்."

அந்தப் போராட்டம் தொடங்கியதிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிட்டதில்லை, பிள்ளைகளோடு இருந்ததுமில்லை. அடுத்த புதன்கிழமை இருவரையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பால்வாடிக்கு நடந்தார். அங்கே அதுவரை எந்தத் தகப்பனும் வந்து உட்கார்ந்ததில்லை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் சம்மணம் போட்டதும் பெரியவள் தோளில் ஏறி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். அவர் அவளை இறக்கிவிடவில்லை.